எல்லோரும் இரண்டாவதாக எழுதிய படம்

ஒஸ்கார் பரிந்துரைகள் லொஸ் ஏஞ்சல்ஸில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வாசிக்கப்படும்போது மட்டக்களப்பில் மாலை ஏழு மணி. ஜனவரி மாதம் என்பதால் பெரும்பாலும் மழை பெய்துகொண்டிருக்கும். கல்லடியில் உள்ள அக்கா வீட்டு விறாந்தையில், ஒரே கைத்தொலைபேசியை ஐந்தாறு பேர் சுற்றியிருந்து அந்தப் பட்டியலைக் கேட்பது சில ஆண்டுகளாக எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. விருது விழா நடக்கும் நாளைவிட எங்களுக்கு இந்த மாலைதான் பெரிது. விழாவில் வென்றவரைப் பற்றி மட்டுமே பேச முடியும். பட்டியல் வந்த அன்றோ வராதவர்களைப் பற்றியும் சண்டை பிடிக்கலாம்.

2024 ஜனவரி 23 ஆம் திகதி நடந்த சண்டை இன்னும் முடியவில்லை. 'பார்பி' படத்துக்கு எட்டுப் பரிந்துரைகள் கிடைத்தன. கென்னாக நடித்த ரயன் கொஸ்லிங் பட்டியலில் இருந்தார். பார்பியாக நடித்த மார்கோ ரொபி நடிகைகளின் ஐவரில் இல்லை. இயக்கிய கிரெட்டா கெர்விக் இயக்குநர்களின் ஐவரில் இல்லை. "பெண்களை விட்டுவிட்டு ஆண்களைக் கொண்டாடுவது, அந்தப் படத்தின் கதையே இதுதானே மாமா" என்று அக்காவின் மகள் கொதித்தாள். மறுநாள் உலகம் முழுவதும் அதையே சொன்னது. புறக்கணிப்பு என்ற சொல்லைத்தான் எல்லோரும் பயன்படுத்தினார்கள்.

எனக்கு அந்தச் சொல்லில்தான் கருத்து வேறுபாடு. நாலு பேர் கூடியிருந்து, இவருக்குக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்து ஒதுக்கினால் அது புறக்கணிப்பு. ஒஸ்கார் பட்டியல் அவ்வாறு உருவாவதில்லை. சிறந்த படத்துக்குப் பத்து இடங்கள், சிறந்த இயக்குநருக்கு ஐந்து இடங்கள் என்று வைத்துவிட்ட பிறகு, ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது ஐந்து படங்கள் இயக்குநர் இல்லாமல் நிற்கத்தான் வேண்டும். அந்த ஆண்டு அவ்வாறு நின்ற ஐந்தில் 'பாஸ்ட் லைவ்ஸ்' படமும் ஒன்று. அதை இயக்கிய செலின் சோங்கும் ஒரு பெண்தான். அதுவே அவருடைய முதற்படம். அவருக்காக எங்கள் விறாந்தையில் ஒருவரும் குரல் எழுப்பவில்லை என்பதை நான் சுட்டிக்காட்டியபோது, மருமகள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் படத்தை நீங்களும் இன்னும் பார்க்கவில்லையே" என்றாள். உண்மைதான், அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

பரிந்துரை வாக்கெடுப்பில் நடிகர்கள் நடிகர்களையும், இயக்குநர்கள் இயக்குநர்களையும், ஒளிப்பதிவாளர்கள் ஒளிப்பதிவாளர்களையும் தெரிவு செய்கிறார்கள். சிறந்த படத்தை மட்டுமே, ஒஸ்காரை வழங்கும் அக்கடமி என்ற திரைக்கலைஞர் அமைப்பின் எல்லா உறுப்பினர்களும் சேர்ந்து பரிந்துரைக்கிறார்கள். ஆகவே கெர்விக்கை விட்டவர்களும் ரொபியை விட்டவர்களும் ஒரே கூட்டத்தார் அல்லர். இதைவிட முக்கியமானது வாக்குச் சீட்டு. உறுப்பினர் தமக்குப் பிடித்தவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி எழுதுகிறார். முதலில் எண்ணப்படுவது முதலாம் இடம் மட்டுமே. குறைந்த வாக்குப் பெற்றவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படும். ஐந்து இடங்களுக்கு மொத்த வாக்கில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலே கிடைத்தால் போதும். இதை முன்பு எங்கள் ஊரில் விளங்கப்படுத்துவது கடினமாக இருந்தது. 2024 செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில், வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாம் மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ண நேர்ந்த பிறகு அந்தச் சிரமம் இல்லை. இரண்டாவது விருப்பு எப்போது பார்க்கப்படும், எப்போது பார்க்கப்படாமலே போகும் என்பது இப்போது எங்கள் வீதி மூலையில் மீன் விற்பவருக்கும் தெரியும்.

2023 ஜனவரியில் சிறந்த நடிகைக்கான ஐவரில் அன்ட்ரியா ரைஸ்பரோவின் பெயர் வந்தபோது எல்லோரும் திகைத்ததற்கான விடையும் இந்த எண்ணிக்கைக்குள்தான் இருக்கிறது. 'டு லெஸ்லி' என்ற அந்தப் படம் திரையரங்குகளில் ஏறத்தாழ 27,000 டொலர் மட்டுமே வசூலித்திருந்தது. பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. ஆனால் வாக்கெடுப்பு நெருங்கிய நாள்களில் புகழ்பெற்ற நடிகர் பலர் அவருடைய நடிப்பைப் பற்றி வெளிப்படையாக எழுதினார்கள். நடிகர் பிரிவில் அப்போது ஏறத்தாழ 1,300 பேர்; எல்லோரும் வாக்களித்திருந்தாலும் சுமார் 220 பேர் அவரை முதலாவதாக எழுதியிருந்தால் இடம் உறுதி. ஆயிரம் பேருக்குப் பிடித்து ஆறாவதாக நிற்பதைவிட, இருநூற்றுச் சொச்சம் பேருக்கு உயிராக இருப்பது அங்கே பெரிது. அந்தப் பிரசாரம் விதிகளை மீறியதா என்று அக்கடமி ஆராய்ந்தது, பரிந்துரையை நீக்கவில்லை. ஆனால் அதே பட்டியலில் வயோலா டேவிஸும் டேனியல் டெட்வைலரும் இல்லை என்பதால், கறுப்பினப் பெண்கள் இருவருக்குரிய இடத்தை நட்பு வட்டம் ஒன்று பிடித்துக்கொண்டது என்ற கசப்பு நெடுநாள் நீடித்தது. அந்தக் கசப்பை எண்கணிதத்தால் தீர்த்துவிட முடியாது. 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நடிப்புக்கான இருபது இடங்களும் வெள்ளையர்களுக்கே போயின. எண்ணும் முறை நேர்மையானதாக இருந்தாலும், வாக்குச் சீட்டு யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இது மருமகள் சொன்னது. நான் ஒப்புக்கொண்டேன்.

நான் புறக்கணிப்பு என்று தயங்காமல் சொல்லக்கூடியது வாக்கெடுப்புக்கு முன்பே நடப்பதைத்தான். சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரு படத்தை மட்டுமே அனுப்பலாம். அதை அந்த நாட்டிலுள்ள ஒரு சிறிய குழு தெரிவு செய்கிறது. 2022 இல் இந்தியா 'ஆர்ஆர்ஆர்' படத்தை விட்டு 'செல்லோ ஷோ' என்ற குஜராத்திப் படத்தை அனுப்பியது. ஆர்ஆர்ஆர் தன் பாட்டுக்குப் பொதுப் பிரிவில் போட்டியிட்டுப் பாட்டுக்கான விருதை வென்று வந்தது. 2023 இல் பிரான்ஸ், கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனையைப் பெற்ற 'அனட்டமி ஒஃப் எ ஃபோல்' படத்தை விட்டு, சமையலைப் பற்றிய அழகான ஒரு படத்தை அனுப்பியது. அனுப்பிய படம் இறுதி ஐந்துக்குள் வரவில்லை, அனுப்பாத படம் சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட ஐந்து பரிந்துரைகளைப் பெற்றுத் திரைக்கதைக்கான விருதையும் வென்றது. அடுத்த ஆண்டு இந்தியாவின் முறை மீண்டும் வந்தது. பாயல் கபாடியாவின் 'ஓல் வி இமேஜின் அஸ் லைட்' கான் விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்றிருந்தும் 'லாபதா லேடீஸ்' அனுப்பப்பட்டது; அது பதினைந்து படங்களின் குறும்பட்டியலிலும் இடம்பெறவில்லை. அந்தக் குறும்பட்டியலில் ஒரு ஹிந்திப் படம் இருக்கத்தான் செய்தது. 'சந்தோஷ்' என்ற அந்தப் படத்தை அனுப்பிய நாடு பிரித்தானியா!

தமிழ்ப் படங்களைப் பற்றிய எங்கள் ஆவேசத்தில் ஒரு சிறு பிழை அடிக்கடி நேர்கிறது. 'சூரரைப் போற்று' 366 படங்கள் கொண்ட பட்டியலிலும், மறு ஆண்டு 'ஜெய் பீம்' 276 படங்கள் கொண்ட பட்டியலிலும் இருந்தபோது, ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டுவிட்டன என்ற செய்தி எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடியது. அவை போட்டியிடத் தகுதி பெற்ற படங்களின் பட்டியல்கள், அவ்வளவுதான். அங்கிருந்து பெயர் 'நீக்கப்பட்டது' என்று அழுத நண்பருக்கு இதை விளங்கப்படுத்தியதற்காக நான் ஒரு மாதம் தமிழ்த் துரோகியாக இருந்தேன்.

இத்தனை விவாதத்திலும் அக்கா பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. திறந்தால் ஒரே விடயத்தைத்தான் சொல்வாள்: 'மூன்றாம் பிறை' படத்துக்கு ஸ்ரீதேவிக்கு ஏன் தேசிய விருது கொடுக்கவில்லை? 1982 இல் வெளிவந்த அந்தப் படத்துக்காகக் கமல்ஹாசன் சிறந்த நடிகரானார். பாலு மகேந்திரா சிறந்த ஒளிப்பதிவாளரானார். ஸ்ரீதேவிக்கு ஒன்றும் இல்லை. சிறந்த நடிகை விருது 'அர்த்' என்ற ஹிந்திப் படத்துக்காக ஷபானா ஆஸ்மிக்குப் போனது. இந்தியத் தேசிய விருதுகளில் பரிந்துரைப் பட்டியல் வெளியிடப்படுவதில்லை. முடிவு மட்டுமே வரும். ஆகவே ஸ்ரீதேவி இரண்டாவதாக வந்தாரா, பேச்சிலேயே வரவில்லையா என்று அக்காவால் நாற்பது ஆண்டுகளாக அறிய முடியவில்லை. 'மொம்' படத்துக்காக 2018 இல் அவருக்கு அந்த விருது அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. பாலு மகேந்திராவே பின்னர் 'அர்த்' படத்தை 'மறுபடியும்' என்று தமிழில் எடுத்தார் என்பதை நான் அக்காவிடம் சொல்லியிருக்கவே கூடாது. அதன் பின்னர் அவள் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை.

பாலு மகேந்திரா எங்கள் ஊர்க்காரர். மாமாங்கேஸ்வரர் ஆலயம் இருக்கும் அமிர்தகழியில் பிறந்தவர். ஆகவே வாக்கு எண்ணும் முறையை வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தபோது அவருடைய படங்களையே எடுத்துக்கொண்டோம். சென்ற ஆண்டு பெப்ரவரியில் ஒரு போயா விடுமுறை நாளில், குடும்பத்தாரும் அயலவரும் நண்பர்களுமாகப் பன்னிரண்டு பேருக்குக் கொப்பித் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மூன்றாம் பிறை, வீடு, சந்தியா ராகம், மறுபடியும் என்ற நான்கையும் விருப்பப்படி வரிசைப்படுத்த வேண்டும். இரண்டு படங்களுக்கு மட்டுமே பரிந்துரை. பன்னிரண்டு வாக்கு, இரண்டு இடம் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே, அதாவது ஐந்து வாக்குப் பெற்றவர் உள்ளே வந்துவிடுவார்.

மூன்றாம் பிறைக்கு ஐந்து முதல் விருப்புகள், வீடு படத்துக்கு நான்கு, மறுபடியும் படத்துக்கு மூன்று. சந்தியா ராகத்துக்கு ஒன்றும் இல்லை. அது முதலிலேயே நீக்கப்பட்டது. பிறகு மறுபடியும் நீக்கப்பட்டு, அதன் வாக்குகள் வீடு படத்துக்குப் போயின. மூன்றாம் பிறையும் வீடும் தெரிவாகின. சீட்டுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோதுதான் விறாந்தை அமைதியானது: பன்னிரண்டில் பத்துப் பேர் சந்தியா ராகத்தை இரண்டாவதாக எழுதியிருந்தார்கள். அந்த முதியவரின் கதையை வெறுத்தவர் ஒருவரும் அங்கே இல்லை. ஒருவரும் புறக்கணிக்கவுமில்லை. படம் வெளியே நின்றது.

அக்கா தன் சீட்டைத் திருப்பிக் கேட்டாள். "இப்படி எண்டு தெரிஞ்சிருந்தா நான் சந்தியா ராகத்தை முதலாவதாப் போட்டிருப்பனே" என்றாள். ரைஸ்பரோவின் நண்பர்கள் செய்ததும் அதைத்தான் என்று சொல்லிவிட்டு, அவள் ஒருத்தி மாறினால் போதாது, மூன்றாம் பிறைக்குப் போட்டவர்களில் இன்னும் இரண்டு பேரையாவது சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அத்தானையும் பக்கத்து வீட்டு அன்ரியையும் பார்த்துத் தலையசைத்தாள், இருவரும் சம்மதித்தார்கள். அவ்வாறு மூவரும் மாறினால் சந்தியா ராகம் உள்ளே வரும். மூன்றாம் பிறை இரண்டே வாக்கோடு முதலில் நீக்கப்படும்.

"அப்ப ஸ்ரீதேவி?" என்று கேட்டாள்.

"வெளியே" என்றேன்.

நீட்டிய சீட்டை அவள் வாங்கவில்லை.