தக்காளிச் சல்சா: ஐந்து கிலோவில் தொடங்கியது

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் தம்பி, விடுமுறைக்கு மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த அன்று ஒரு கிண்ணம் சல்சா செய்து மேசையில் வைத்தான். அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது தக்காளிச் சம்பல்தானே மனே, மறுகா என்ன புதுப் பேர்?" என்றார். பாதி சரிதான். ஆனால் இதில் தேங்காய்ப்பூ இல்லை, இடிப்பதும் இல்லை. தக்காளி, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கொத்தமல்லி இலை, தேசிப்புளி, உப்பு, அவ்வளவுதான். எல்லாம் பச்சையாகவே. ஒவ்வொன்றும் நாக்கில் தனித்தனியாகத் தெரிகிறது. எனக்கு அது அப்படியே பிடித்துப் போய்விட்டது.

அது மாசி மாதம். மழை ஓய்ந்து, களுதாவளைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து தக்காளி பெட்டி பெட்டியாகச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது. விலையும் இறங்கியிருந்தது. ஐந்து கிலோ வாங்கினேன். தினமும் செய்து தின்பது, மிச்சத்தைப் போத்தலில் அடைத்து வைப்பது என்பதுதான் எண்ணம்.

தினமும் செய்வதில் முதல் தொல்லை தண்ணீர். அரைமணி நேரம் வைத்தால் கிண்ணத்தின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கி, மேலே துண்டுகள் சோர்ந்து கிடந்தன. உப்புப் பட்டதும் தக்காளி தன் நீரை விட்டுவிடுகிறது. அதைத் தடுக்க முடியாது, முன்கூட்டியே விடவைத்து வடிக்கலாம். ஒரு கிலோ தக்காளியை வெட்டி, விதையைக் கொஞ்சம் வழித்துவிட்டு, ஒரு தேக்கரண்டி உப்புப் பிசறி வடிதட்டில் அரைமணி வைத்தேன். கீழே ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு வடிந்தது. அதைக் கொட்ட விடாமல் அம்மா மீன் சொதிக்கு ஊற்றினார். சொதிக்கு நல்ல புளிப்பு.

இப்போது என் கைக்குப் படிந்த அளவு: வடித்த தக்காளி அரைக் கிலோ, நடுத்தர வெங்காயம் ஒன்று, கொச்சிக்காய் மூன்று, ஒரு பிடி கொத்தமல்லி, ஒரு தேசிக்காய். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசிப் போட்டால் காரம் தணியும், மறுநாள் வெங்காய நாற்றமும் ஏறாது. தக்காளியை வெட்டும்வரை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, வாசம் போய்விடும். நன்றாகப் பழுத்த, ஆனால் அமுக்கினால் குழியாத பழம் வேண்டும். கூழான பழத்தைக் குழம்புக்கு விட்டுவிடலாம்.

மிச்சத்தை அடைத்த கதைதான் கஷ்டமானது. ஒரு காணொளியில் சொன்னபடி, பச்சைச் சல்சாவைச் சுடவைத்து, வெந்நீரில் கழுவிய நான்கு ஜாம் போத்தல்களில் ஊற்றி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். ஆறியதும் மூடிகள் உள்வாங்கின. எனக்குப் பெரிய சந்தோஷம். அலுமாரித் தட்டில் வரிசையாக வைத்தேன். பதினோராவது நாள் பார்த்தால் இரண்டு மூடிகள் நடுவில் மேடு தட்டியிருந்தன. ஒன்றைத் தொட்டி மேல் பிடித்துத் திருகினேன். 'ஸ்ஸ்' என்று காற்று வந்தது. சிவப்புக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தன. புளித்த வாடை. நான்கையும் கோடியில் குழி வெட்டிப் புதைத்தேன். மற்ற இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று அம்மா சொன்னபோதும் நான் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. பொங்கிய போத்தலைக் கண்ணால் கண்டு எறிந்துவிடலாம். பொட்டுலினம் என்ற கிருமி வேறு மாதிரி. அதன் வித்துகள் மண்ணில் இருப்பவை, கொதிநீரிலும் சாகாதவை. காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சு விடும். வாடையோ நிறமோ மாறாமலும் இருக்கக்கூடும். பி.எச். என்பது புளிப்பைச் சொல்லும் எண், அது குறையக் குறையப் புளிப்புக் கூடும். பி.எச். 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இந்தக் கிருமி வளராது. தக்காளி அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிற காய். பழத்துக்குப் பழம் 4.3 முதல் 4.9 வரை மாறும். வெங்காயமும் கொச்சிக்காயும் சேரச் சேரப் புளிப்பு இன்னும் குறையும். நான் கண்ணளவாகப் பிழிந்த தேசிப்புளி போதுமா என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம்தான் அமெரிக்காவில் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டில் உணவைப் பதப்படுத்துவதற்கான தேசிய மையத்தின் அளவைப் பிடித்துக்கொண்டேன். தோலுரித்து விதை எடுத்து வெட்டிய தக்காளி 6 கப், வெங்காயமும் மிளகாயுமாக 9 கப், தேசிப்புளி ஒன்றரைக் கப், உப்பு 3 தேக்கரண்டி. கொதித்ததும் 3 நிமிடம் மெல்லிய தீயில். பிறகு போத்தல்களைக் கொதிநீரில் மூழ்கவைத்து 15 நிமிடம். கடலிலிருந்து உயரமான ஊர்களில் நேரம் கூடும்; கல்லடியில் கடல் வீட்டு வாசலிலேயே இருப்பதால் 15 போதும். தேசிப்புளி கடையில் போத்தலில் விற்பதாக இருக்க வேண்டும் என்கிறார்கள், கையால் பிழிந்தால் புளிப்பு ஒரே மாதிரி இராது என்பதற்காக. இந்த அளவில் காய்களைக் கூட்டவோ புளியைக் குறைக்கவோ கூடாது. நான் பாதி அளவில் செய்தேன். கறிமிளகாயைத் தாராளமாகச் சேர்த்து, காரத்துக்குக் கொச்சிக்காய் ஐந்து மட்டும் போட்டேன். தோலுரிக்க, அடியில் கத்தியால் கீறிக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் விட்டால் சட்டை கழற்றுவது போல் வந்துவிடும்.

ஆனாலும் அதையும் அலுமாரியில் வைக்கவில்லை. அவர்கள் சொல்லும், தட்டை மூடியும் திருகு வளையமும் தனித்தனியாக வருகிற போத்தல் எனக்கு இங்கே கிடைக்கவில்லை, பழைய ஜாம் மூடியை இனி நம்ப மாட்டேன். ஆறவிட்டுச் சின்ன டப்பாக்களில் நிரப்பி ஃபிரீசரில் வைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒன்றை எடுத்துப் பார்த்தபோது மனம் சோர்ந்தது. புளிப்பு இருந்தது, காரம் இருந்தது, பச்சை வாசம் இல்லை. மேசையில் அன்றைக்கு அரிந்த கொத்தமல்லி கொஞ்சம் மிச்சம் கிடந்தது. அதையும் அரை வெங்காயத்தையும் பச்சையாக அரிந்து போட்டுக் கிளறி, பத்து நிமிடம் வைத்தேன். முதல் நாள் தம்பி வைத்த கிண்ணத்தின் வாசம் முக்கால்வாசி திரும்பி வந்தது. அன்றிலிருந்து டப்பாவுக்குள் கொத்தமல்லி போடுவதே இல்லை, அது தின்கிற நாளுக்குத்தான். புதிதாகச் செய்வதை ஃபிரிட்ஜில் மூன்று நாளுக்கு மேல் வைப்பதும் இல்லை.

இப்போது ஆனி. ஃபிரீசரில் ஐந்து டப்பா இருக்கிறது. போன ஞாயிறு நான் கேட்காமலே அம்மா ஒன்றை எடுத்து இளகவிட்டு, கொத்தமல்லி அரிந்து போட்டு, அவித்த மரவள்ளிக் கிழங்கோடு கொண்டுவந்து வைத்தார். இன்னும் சம்பல் என்றுதான் சொல்கிறார்.