கணக்கு எழுத எந்த மதம் வேண்டும்?

இன்று தோழி ஒருத்தி வேலை விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு மத நிறுவனத்தில் கணக்காளர் வேலை.

படிப்பு, அனுபவம் எல்லாம் எழுதிவிட்டாள். 'மதம்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

வழிபாடு நடத்துபவர் அந்த நம்பிக்கை உள்ளவராக இருக்க வேண்டும், சரி. வரவு செலவு பார்ப்பவருக்கு எதற்கு?

அமெரிக்காவில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் திருச்சபை நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டடப் பராமரிப்பு பார்த்தவரை, திருச்சபை நெறிப்படி நடக்கும் உறுப்பினர் என்ற சான்று இல்லை என்று நீக்கினார்கள். அது செல்லும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1987-ல். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமோ 2018-ல், குறிப்பிட்ட அந்த வேலைக்கு மதம் உண்மையிலேயே தேவையா என்று நீதிமன்றங்கள் ஆராய வேண்டும் என்றது.

எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. பிழைப்புக்காக ஒருவரைப் பொய் எழுத வைப்பதில் எந்த மதத்துக்குப் பெருமை?

நிறுவனத்தின் நெறிகளை மதித்து நடப்பேன் என்று கையெழுத்துக் கேட்கட்டும். அது போதும்.