மினி கூப்பர் எஸ்: சூப்பர்சார்ஜரையும் டர்போவையும் அளந்து பார்த்தபோது

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிகள் இரண்டு: எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றும் சூப்பர்சார்ஜர், வெளியேறும் புகையால் சுற்றும் டர்போ. சூப்பர்சார்ஜர் என்றால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும் அடி ஆர்பிஎம்மிலேயே இழுக்கும், டர்போ என்றால் கொஞ்சம் காத்திருந்து மேலே போய்த்தான் இழுக்கும். கார் பிரியர்கள் காலம்காலமாகச் சொல்லிவரும் கணக்கு இது. இதைச் சரிபார்க்க மினி கூப்பர் எஸ்ஸை விடத் தோதான கார் கிடைப்பது கஷ்டம். 2006 வரை வந்த ஆர்53 ஹாட்ச்பேக்கில் 1.6 லிட்டர் எஞ்சின், அதன்மேல் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். அதற்கு அடுத்து வந்த ஆர்56 மாடலில் எஞ்சினே வேறு, ஆனால் அளவு அதே 1.6 லிட்டர், அதில் ட்வின் ஸ்க்ரோல் டர்போ (புகை இரண்டு தனி வழிகளில் வரும் வகை). என்னிடம் இருப்பது ஆர்53, நண்பரிடம் ஆர்56. இரண்டு பேரும் இங்கிலாந்தில் பக்கத்துப் பக்கத்து ஊர் என்பதால் வார இறுதிகளில் வேலை நடந்தது.

முதலில் கம்பெனி தந்த எண்களைப் பார்த்துவிடலாம். தொடக்க கால ஆர்53-க்கு 6000 ஆர்பிஎம்மில் 163 குதிரைத்திறன், 4000 ஆர்பிஎம்மில் 210 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). ஆர்56-க்கு 5500-ல் 175 குதிரைத்திறன், டார்க் 240. அந்த 240 எங்கே தொடங்குகிறது என்பதுதான் முக்கியம்: வெறும் 1600 ஆர்பிஎம்மில் வந்து 5000 வரை அப்படியே நிற்கிறது. அதாவது காகிதத்திலேயே பழைய கணக்கு தலைகீழ்.

ஆனாலும் கையால் அளந்தால்தான் எனக்கு நிம்மதி. இரண்டு காரிலும் ஓபிடி போர்ட் (காரின் கணினித் தகவலைப் படிக்கும் இணைப்பு) வழியாக ஆர்பிஎம், ஆக்ஸிலரேட்டர் நிலை, பூஸ்ட் (உள்ளே தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்) மூன்றையும் பதிவு செய்தோம். ஆர்53-ல் அழுத்தத்தால் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலர் எஞ்சின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். அதன் இரண்டு பக்கமும் ரப்பர் பெல்லோஸ் (மடிப்புக் குழாய்) இருக்கும்; ஒன்றில் சூடான காற்று நுழையும், மற்றதில் ஆறிய காற்று வெளியேறும். இரண்டிலும் ஒரு சின்னத் துளை போட்டு ஆளுக்கொரு தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) வைத்து சீல் செய்தேன். எவ்வளவு சூட்டோடு காற்று உள்ளே போகிறது, எவ்வளவு ஆறி வருகிறது என்பது நேரடியாகத் தெரியும்.

மூன்றாவது கியரில் 1500-லிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பார்த்தோம். ஆர்56-ல் 2000 தாண்டும்போதே பூஸ்ட் கோடு உச்சியைத் தொட்டுவிட்டது. என் ஆர்53-ல் அந்த இடத்தில் அரை பார் கூட இல்லை. ஆர்பிஎம் ஏற ஏற மெல்ல ஏறி, 6000-க்கு மேல்தான் 0.8 பாரை நெருங்கியது. "உன் வண்டி மேல போனாத்தான் வாயத் திறக்குது" என்றார் நண்பர். உண்மைதான்.

ஏன் இப்படி? எம்45 என்பது ரூட்ஸ் வகை, இரண்டு ரோட்டர்கள் சுற்றிக் காற்றைத் தள்ளும். ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 737 சிசி காற்றைத் தள்ளும். எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்கின் ஒரு சுற்றுக்கு பெல்ட் அதை ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றுகிறது. எஞ்சின் ஒரு சுற்றுக்கு இழுப்பது 800 சிசி. கணக்குப்படி எந்த ஆர்பிஎம்மிலும் ஒரே பூஸ்ட் வர வேண்டும். ஆனால் ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுவதால், அவற்றுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளி வழியாகக் காற்று பின்னால் கசியும். மெதுவாகச் சுற்றும்போது கசிய நேரம் அதிகம், அதனால் பூஸ்ட் குறைவு. பெரிய அமெரிக்க வி8-களில் பெரிய சூப்பர்சார்ஜர் போட்டு இந்தக் குறையை மறைத்துவிடுகிறார்கள். சின்ன எம்45-ல் அது முடியாது.

சரி, அப்படியானால் டர்போதான் ஜெயித்தது என்று முடித்துவிடலாமா? ஆர்பிஎம்முக்குப் பதில் நேரத்தைக் கிடைக்கோட்டில் வைத்துப் பார்த்ததும் படம் மாறியது. இரண்டாவது கியர், 3500 ஆர்பிஎம், பாதி ஆக்ஸிலரேட்டர்; அங்கிருந்து முழுதாக மிதித்தால் என்ன நடக்கிறது? ஆர்53-ல் பைபாஸ் வால்வு (பூஸ்ட் தேவையில்லாதபோது காற்றைச் சுற்றி அனுப்பும் வால்வு) மூடுவதும் பூஸ்ட் எழுவதும் கிட்டத்தட்ட மிதியோடு சேர்ந்தே நடக்கின்றன. ஆர்56-ல் டர்பைன் (புகை சுற்றும் டர்போ சக்கரம்) வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகிறது, பிறகு கேட்டதை விடக் கொஞ்சம் கூடவே வருகிறது. சாலையில் யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை. பிராண்ட்ஸ் ஹாட்ச் ரேஸ் ட்ராக்கில், சொந்தக் காரை ஓட்டும் ட்ராக் டேயில், ட்ரூயிட்ஸ் என்ற ஹேர்பின் வளைவைக் கடக்கும்போது நன்றாகவே தெரிகிறது. முன்சக்கர இழுவைக் கார், ஸ்டியரிங் இன்னும் திரும்பியே இருக்கிறது. அந்த நேரத்தில் டார்க் மொத்தமாக வந்தால் உள்பக்கச் சக்கரம் வெறுமனே சுழலும். ஆர்56-ஐ நான் ஓட்டியபோது அங்கே காலை எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருந்தது. என் காரில் மிதி எவ்வளவோ இழுவை அவ்வளவு. என்னைக் கேட்டால் சூப்பர்சார்ஜரின் பெருமை அடி ஆர்பிஎம் டார்க்கில் இல்லை. கால் சொல்வதை அப்படியே கேட்கும் குணத்தில் இருக்கிறது.

1983 உலக ராலி சாம்பியன்ஷிப்பில் லான்சியா 037 எடுத்த முடிவும் இதே வழியில்தான். எதிரே டர்போவும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட ஆடி குவாட்ரோ. லான்சியா பின்சக்கர இழுவையோடும் சூப்பர்சார்ஜரோடும் இறங்கி உற்பத்தியாளர் பட்டத்தை வென்றது. அப்புறம் வந்த டெல்டா எஸ்4-ல் இரண்டையும் சேர்த்தே பொருத்தினார்கள். 2005-ல் ஃபோக்ஸ்வாகன் 1.4 டிஎஸ்ஐயும் அதே யோசனைதான்: அடியில் சூப்பர்சார்ஜர், 3500 ஆர்பிஎம்முக்கு மேல் காந்த கிளட்ச் அதைக் கழற்றிவிட டர்போ மட்டும்.

அடுத்து புல்லி, அதாவது சூப்பர்சார்ஜரில் பெல்ட் ஓடும் சக்கரம். ஆர்53 வைத்திருப்பவர்கள் முதலில் கை வைக்கும் இடம் இது. 15 சதவீதம் சிறிய புல்லி போட்டால் சூப்பர்சார்ஜர் கிட்டத்தட்ட 18 சதவீதம் வேகமாகச் சுற்றும். வலது முன்சக்கரத்தையும் எஞ்சின் மவுண்டையும் கழற்றி, எஞ்சினை ஜாக்கில் தாங்கிக்கொண்டு, புல்லரால் பழைய புல்லியை இழுத்தோம். இறுக்கப் பொருத்தம் என்பதால் சுத்தியல் பக்கமே போகக் கூடாது, அடி நேராக பேரிங்கில் இறங்கும். புதியதை ஓவனில் சூடாக்கி, கையுறையோடு எடுத்து ஷாஃப்டில் நுழைத்ததும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கூடவே நீளம் குறைந்த பெல்ட், ஒரு படி குளிர்ச்சியான ஸ்பார்க் பிளக். பூஸ்ட் உச்சம் 1 பாரைத் தொட்டது.

இங்கேதான் தெர்மோகப்பிள் வைத்ததற்குப் பலன் கிடைத்தது. காற்றை அழுத்தினால் சூடாகும், அது தவிர்க்க முடியாதது. ரூட்ஸ் வகை தேவையை விட அதிகமாகவே சூடாக்கும், அதன் செயல்திறன் 55 சதவீதம் போலத்தான். நல்ல டர்போ கம்ப்ரஸர் 70-ஐத் தாண்டும். வெளியே 20 டிகிரி இருக்கும் நாளில் 0.8 பார் பூஸ்டுக்கு நான் போட்ட கணக்கில் ரூட்ஸிலிருந்து வரும் காற்று சுமார் 117 டிகிரி, டர்போவில் 95 டிகிரிக்குள். சிறிய புல்லியோடு 1 பார் என்றால் 135-ஐத் தாண்டும். தெர்மோகப்பிள் காட்டியதும் ஏறக்குறைய அதுவே. முதல் சுற்றுகளில் இன்டர்கூலர் சமாளிக்கிறது. எஞ்சின் வெப்பம் கீழிருந்தே ஏறுவதால் போகப் போக அதுவே சூடாகி, வெளியேறும் காற்றின் சூடும் ஏறுகிறது. அதனால் இசியூ, அதாவது எஞ்சின் கணினி, இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது, தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. புல்லியால் கிடைத்த பலத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. ஆர்56-ல் இன்டர்கூலர் முன் பம்பருக்குப் பின்னால் நேர்க்காற்றில் இருப்பது பெரிய வசதி.

ரோட்டரைச் சுற்றும் செலவும் இருக்கிறது. பழைய புல்லியோடேயே உச்சத்தில் சுமார் 16 குதிரைத்திறனை பெல்ட் கிராங்கிலிருந்து எடுக்கிறது என்பது என் கணக்கு. டர்போ புகைபோக்கியில் வீணாகும் சக்தியை எடுத்துக்கொள்கிறது, ஆனால் அதுவும் முற்றிலும் இலவசம் இல்லை. டர்பைன் வழியை மறிப்பதால் எஞ்சின் புகையைத் தள்ள அதிகம் உழைக்க வேண்டும். இருந்தாலும் சிக்கனத்தில் டர்போவே மேல்.

இப்போதைக்கு சிறிய புல்லி காரிலேயே இருக்கிறது. அடுத்த வேலை, இன்டர்கூலர்மேல் தண்ணீர் தெளிக்கும் சின்ன பம்ப். அதற்கு முன் சூப்பர்சார்ஜரை முழுதாகக் கழற்றி, வாட்டர் பம்பைச் சுற்றும் பக்கத்து கியரில் எண்ணெய் மாற்ற வேண்டும். இத்தனை வருடம் ஓடிய எம்45-ல் அங்கே எண்ணெய் வற்றியிருப்பது சகஜம். சின்ன புல்லி போட நினைப்பவர்கள் அந்த எண்ணெயை முதலில் பார்த்துவிடுங்கள்.