41-லிருந்து 67: அமெரிக்கப் பகுதியை இரண்டாம் முறை நான் எழுதிய விதம்

போன புதன்கிழமை ரிசல்ட் வந்தது. தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. இதழியல் படிக்கிறேன். நின்றுபோயிருந்த ஒரே தாள் உலக ஊடக அமைப்புகள். போன முறை 41, இந்த முறை 67. இருபத்தைந்து வருடமாகப் பத்திரிகையில் இருக்கிறேன், அதில் பதினொரு வருடம் செய்தி ஆசிரியர். இதழியல் தாளிலேயே அரியர் விழுந்தது ஒரு வருடமாக மனதை அரித்துக்கொண்டிருந்தது. மார்க்கைப் பார்த்ததும் மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

இதே தாளை எழுதப்போகும் உங்களுக்கு வினாத்தாள் அமைப்பு தெரியும். பாதித் தாள் அமெரிக்காதான் என்பதும் தெரியும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பெரிய கட்டுரை விடைகள் எழுதும் பார்ட் சி-யில் யார் ஜெயித்தார்கள் என்று எழுதாதீர்கள். வாக்காளருக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள்.

போன முறை வந்த கேள்வி, அமெரிக்கத் தேர்தல் செய்திகளின் பலவீனங்கள். எனக்குப் பிடித்த பகுதி, மூன்றரைப் பக்கம் எழுதினேன். 1948-இல் ட்ரூமன் ஜெயித்திருக்க, டூயி ஜெயித்ததாக சிகாகோ டெய்லி ட்ரிப்யூன் தலைப்புப் போட்டது, 2000-இல் தொலைக்காட்சிகள் புளோரிடாவில் தடுமாறியது, 2016 கருத்துக்கணிப்புகள். பெயர், வருடம் எதிலும் தப்பில்லை. 20-க்கு 6 போட்டிருந்தார்கள். கோபத்தில் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "இதனால் வாக்காளருக்கு என்ன?"

அந்த வரியைப் படித்தபோது எனக்கு 2000 நவம்பர் 8 நினைவுக்கு வந்தது. அப்போது ஒரு மாலைப் பத்திரிகையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பகல் பன்னிரண்டே முக்கால். அமெரிக்கக் கிழக்குக் கரையில் பின்னிரவு இரண்டே கால். டெஸ்க்கில் இருந்த டிவியில், ஜனாதிபதித் தேர்தலில் கோரை எதிர்த்து நின்ற புஷ் ஜெயித்துவிட்டார் என்று அறிவித்தார்கள். செய்தி ஏஜென்சிகளில் ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) அதை அறிவிக்கவில்லை. அதை நான் கவனிக்கவும் செய்தேன். ஆனால் அச்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. 'புஷ் வெற்றி' என்று எட்டுப் பத்தித் தலைப்புப் போட்டு அனுப்பினேன். இரண்டரை மணிக்கு டிவிக்காரர்கள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். கீழே ஓடினேன். "பிளேட் ஏறிடுச்சு சார், வண்டியும் கிளம்பியாச்சு" என்றார் அச்சகத்தில் இருந்த அண்ணன். கட்டோடு கட்டாக அந்தப் பத்திரிகை பஸ் நிலையத்துக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கதையில் புஷ், கோர், டிவி, நான் எல்லோரும் இருக்கிறோம். புளோரிடா வாக்காளர் இல்லை. அந்த மாநிலத்தின் மேற்கு மூலையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். அங்கே வாக்குச்சாவடி மூடுவதற்கு முன்பே கோர் ஜெயித்ததாக முதலில் அறிவித்துவிட்டார்கள். பாம் பீச்சில் வாக்குச்சீட்டின் அமைப்பே குழப்பியதால் நினைத்தவருக்குப் போடாமல் வேறொருவருக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். சீட்டில் துளை சரியாக விழாததால் எண்ணிக்கையில் சேராத வாக்குகள் இருந்தன. கடைசியில் வித்தியாசம் வெறும் 537 வாக்கு. மறு எண்ணிக்கைக்கு டிசம்பர் 12-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. இதை எழுதியிருந்தால் அந்த 6, குறைந்தது 13 ஆகியிருக்கும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஜே ரோசன் பல வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறார்: தேர்தலில் யாருக்கு வாய்ப்பு அதிகம் என்பதைவிட, முடிவால் என்னென்ன ஆகும் என்பதுதான் செய்தி. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டாம் முறை படித்தேன்.

படித்த முறை எங்கள் டெஸ்க் வேலையிலிருந்து வந்தது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு தலைப்பு எழுதுவேன். முதல் தலைப்பில் எழுவாய் தலைவர். இரண்டாவதில் எழுவாய் சாதாரண மனிதர். இரண்டாவது தலைப்பு வரவில்லை என்றால் அந்தப் பாடம் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி படிப்பேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை இதுதான் வேலை. அதிகாலையில் எழுந்து படிக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், எனக்கு அது ஒருநாளும் சரிப்படவில்லை.

மெக்கார்த்தி பாடத்தில் இந்த இரண்டு தலைப்பு உத்தி அருமையாக வேலை செய்தது. 1950 பிப்ரவரி 9, மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரம். வெளியுறவுத் துறையில் இருக்கும் 205 கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன்னிடம் இருப்பதாக செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி பேசினார். சில நாளில் அந்த எண் 57 ஆனது. எண் மாறியபோதும் பத்திரிகைகள் அவர் சொன்னதைச் சொன்னபடி போட்டன. செனட்டர் சொன்னார் என்பது உண்மைதானே, சொன்னது நிஜமா என்று பார்ப்பது நம் வேலையில்லை என்ற நினைப்பு. அதற்கு நடுநிலை என்று பெயரும் வைத்திருந்தார்கள். எட்வர்ட் மரோ தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரை அம்பலப்படுத்தியது 1954 மார்ச் 9. செனட் 67-22 என்று கண்டனத் தீர்மானம் போட்டது அந்த டிசம்பரில். வீலிங் பேச்சுக்கும் மரோ நிகழ்ச்சிக்கும் நடுவில் நான்கு வருடம். சந்தேகத்தின் பேரிலேயே வேலை போனவர்கள் வாழ்ந்த அந்த நான்கு வருடத்தைத்தான் நீங்கள் விடையில் எழுத வேண்டும்.

இந்தத் தடவை தேர்வில் சல்லிவன் வழக்கு வந்தது, அலபாமாவின் மாண்ட்கமரி நகர அதிகாரி சல்லிவன் நியூயார்க் டைம்ஸ் மீது போட்ட அவதூறு வழக்கு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1964 மார்ச் 9, மரோ நிகழ்ச்சிக்குச் சரியாகப் பத்து வருடம் கழித்து. ஞாபகம் வைக்க சுலபம். பொய் என்று தெரிந்தே வெளியிட்டதாகவோ, பொய்யா நிஜமா என்று கவலைப்படாமல் வெளியிட்டதாகவோ அவதூறு வழக்குப் போடும் அரசு அதிகாரி நிரூபிக்க வேண்டும் என்ற விதியை எல்லோரும் எழுதிவிடுவார்கள். நான் விளம்பரத்திலிருந்து தொடங்கினேன். 1960-இல் நியூயார்க் டைம்ஸில் வந்த முழுப்பக்க விளம்பரம். மார்ட்டின் லூதர் கிங் ஏழு முறை கைதானார் என்று அதில் இருந்தது, நிஜத்தில் நான்கு முறை. சல்லிவன் பெயர் அதில் எங்கும் இல்லை. ஆனாலும் அலபாமா ஜூரி அவருக்கு 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. இப்படி வழக்கு மேல் வழக்காக வந்தால் வடக்குப் பத்திரிகைகள் தெற்கே நிருபரை அனுப்பவே யோசிக்கும். மாண்ட்கமரியில் நடப்பது நியூயார்க்கில் இருப்பவருக்குத் தெரியாமலே போகும். அதனால் 9-0 தீர்ப்பு பத்திரிகை முதலாளிக்கு மட்டும் கிடைத்த வெற்றி இல்லை என்று முடித்தேன்.

மற்றவை சுருக்கமாக:

- வாட்டர்கேட்டுக்கு இரண்டு பக்கம் வேண்டாம். வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் உட்வர்டும் பெர்ன்ஸ்டைனும் மட்டும் ஜனாதிபதி நிக்சனைப் பதவியிலிருந்து இறக்கவில்லை. செனட் குழு, நீதிபதி சிரிக்கா, நிக்சனின் ஒலிநாடாக்களைக் கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 8-0 தீர்ப்பு எல்லாம் வர வேண்டும்.
- பொதுப் பிரச்சினைகளில் எல்லாத் தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற ஃபேர்னஸ் டாக்ட்ரின் விதி 1949 முதல் 1987 வரை. அது வானொலி, தொலைக்காட்சிக்கு மட்டும். பத்திரிகைக்கும் என்று எழுதி மார்க் இழக்காதீர்கள்.
- பென்டகன் ஆவணங்கள், அதாவது வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகள் வெளியிடலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 1971, 6-3. எந்த ஆவணம், என்ன போர் என்று ஒரு வரியாவது சேருங்கள்.
- ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகள் மொத்தம் 538, ஜெயிக்க 270. இதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

உள்ளூர்ப் பத்திரிகைகளின் வீழ்ச்சியைப் பலரும் கடைசி யூனிட் என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். 2005-இல் அமெரிக்காவில் இருந்த பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்று இல்லை. இதை எண்ணாக எழுதினால் யாருக்கும் உறைக்காது. நான் பெல் நகரத்தை எழுதினேன். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் நாற்பதாயிரம் பேருக்கும் குறைவாக வாழும் ஏழை ஊர். நகர நிர்வாகிக்கு வருடச் சம்பளம் ஏறக்குறைய 7,88,000 டாலர், அமெரிக்க ஜனாதிபதிக்கே 4 லட்சம்தான். கவுன்சிலர்களின் சம்பளத்துக்கு இருந்த மாநில வரம்பிலிருந்து ஊரை விடுவித்த 2005 வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. கவுன்சில் கூட்டத்துக்குத் தவறாமல் போய் உட்கார ஒரு நிருபர் அந்த ஊருக்கு இல்லை. 2010-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் போட்டு உடைத்தது, அடுத்த வருடம் புலிட்சர் கிடைத்தது, நிர்வாகிக்கு 12 வருடச் சிறை. அந்த ஐந்து வருடமும் பில் கட்டியது யார் என்று எழுதி நிறுத்தினேன். அப்போது மணி அடிக்க எட்டு நிமிடம் இருந்தது.

இந்த முறையும் விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். "67 வந்ததுக்கு அப்புறம் எதுக்குப்பா?" என்று மகள் கேட்டாள். பெல் நகரம் பற்றி எழுதிய பக்கத்தின் ஓரத்தில் அந்தச் சிவப்பு மை ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.