விளை மண்ணின் கதிரியக்கத்தை அளக்க நான் பட்ட பாடு

குமரி மாவட்டக் கடற்கரையில் மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணல் உண்டு, அதில் மோனசைட் என்ற கனிமமும் மோனசைட்டில் கதிர்வீச்சு வெளியிடும் தோரியமும் உண்டு என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கரையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் விளையில், தென்னைக்கும் வாழைக்கும் அடியில், அது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வளைகுடாவிலிருந்து திரும்பிய தம்பி அந்த விளையிலேயே வீடு கட்டப் போவதாகச் சொன்னான். மண்ணை அளந்து பார்த்துவிட்டுக் கட்டு என்றேன். சொன்னதால் அலையும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

மண் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர் பையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து பார்ப்போம். கதிர்வீச்சு என்றால் ஆஸ்பத்திரியில் கேளுங்கள் அம்மா" என்றார். அந்த நிலையத்தில் இந்தச் சோதனை கிடையாது என்பது நியாயமே. எங்கே கிடைக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பகல் வீணாகியிருக்காது. இயற்பியல் முதுகலை படிக்கும் தம்பி மகள்தான், காமாக் கதிர்களைப் பிரித்து அளக்கும் காமா நிறமாலைமானி வைத்திருக்கும் கல்லூரி ஆய்வகத்தைத் தேடிப் பிடித்தாள். அங்கே போனால் துறைத்தலைவர் பெயருக்கு விண்ணப்பம், பட்டா நகல் என்று திருப்பி அனுப்பினார்கள். போகும் முன் தொலைபேசியில் கேட்டபோது இவற்றைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

மண் எடுப்பதில் சிரமம் எதுவும் இல்லை. பல இடங்களில் ஒரு சாண் ஆழம் வரை வெட்டிக் கலந்து, கல்லும் வேரும் நீக்கி, உலர்த்திக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பொட்டாஷ் உரம் போட்ட கையோடு மண் எடுக்காதீர்கள். பொட்டாசியம் எங்கிருந்தாலும் அதில் கதிர்வீச்சுள்ள பொட்டாசியம்-40 கொஞ்சம் இருக்கும். அளவு கூடித் தெரியும்.

அறிக்கை ஒரே வாரத்தில் வந்துவிட்டது. நல்லது என்று மகிழ்ந்தேன். தம்பி மகள் தேதிகளைப் பார்த்தவுடனே, "அத்தை, இந்த ரேடியம் அளவை நம்ப முடியாது" என்றாள். தோரியம் போலவே ரேடியமும் மண்ணில் இயற்கையாக உள்ள கதிரியக்கத் தனிமம். ரேடியத்திலிருந்து வரும் ரேடான் ஒரு வாயு. அது கசிந்து போகாதபடி டப்பாவை இறுக மூடி நான்கு வாரம் வைத்த பிறகுதான் கருவியில் வைக்க வேண்டும். ரேடியத்தை நேராக அளப்பதைவிட, ரேடானுக்குப் பின் உண்டாகும் பிஸ்மத்-214 போன்றவற்றின் காமாக் கதிரை வைத்துக் கணக்கிடுவதே வழக்கம். வாயு போய்விட்டால் கணக்கும் குறைந்துவிடும். எங்கள் டப்பா மூடி வைக்கப்படவே இல்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். "பெரிய வித்தியாசம் வராது" என்றார் உதவியாளர். வித்தியாசம் வருமா வராதா என்பதை அளந்து சொல்லுங்கள், அதற்குத்தானே பணம் கட்டினேன் என்று அங்கேயே நின்றேன். கடைசியில் பேராசிரியரே வந்து, டப்பாவை என் கண்முன் மூடி, விளிம்பைச் சுற்றி நாடா ஒட்டித் தேதி எழுதினார். ஒரு மாதம் கழித்து வந்த அறிக்கையில் ரேடியம் கிலோவுக்கு 32இலிருந்து 40 பெக்கரலாக (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ஏறியிருந்தது. நான் நின்றது வீண்போகவில்லை.

தோரியம் கிலோவுக்கு 130 பெக்கரல். உலக அளவில் 30 முதல் 45 வரை என்கிறார்கள். எங்களுடையது அதைப் போல் மூன்று நான்கு மடங்கு. பொட்டாசியம்-40 ஏறக்குறைய 200. அது உலகச் சராசரியில் பாதிதான். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ரேடியச் சமான அளவு 241. கட்டுமானப் பொருளுக்கு வைத்திருக்கும் 370 என்ற எல்லைக்குள் அடங்கிவிட்டது. அப்போதுதான் தம்பிக்கு மூச்சு வந்தது.

ஆனால் வெளியில் இருக்கும்போது உடம்பில் படும் கதிர்வீச்சின் ஆண்டு அளவு 0.13 மில்லிசீவர்ட் என்று போட்டிருந்ததை நான் ஏற்கவில்லை. அந்தச் சூத்திரம், மனிதன் நாளில் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகவே வெளியில் இருப்பான் என்று வைத்துக்கொள்கிறது. விளையில் வேலை செய்கிறவர்களுக்கு அது எப்படிப் பொருந்தும்? பத்து மணி நேரம் என்று போட்டுக் கணக்கிடச் சொன்னேன், 0.27 வந்தது. இயற்கையிலிருந்து எல்லா வழியிலும் மனிதனுக்குச் சராசரியாக வருவது ஆண்டுக்கு 2.4 என்பதால் அது பயப்படும் அளவல்ல. ஆனாலும் என் உடம்புக்கான கணக்கு சரியாக இருக்க வேண்டும். நீங்கள் விவசாயி என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அறிக்கையின் கடைசி வரியில் "ஆயுட்காலப் புற்றுநோய் ஆபத்து உலகச் சராசரியைவிட அதிகம்" என்றிருந்தது. விளக்கம் இல்லை. வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பேராசிரியரிடம் கேட்ட பிறகுதான், அது ஆண்டு அளவை எழுபது வருடத்தாலும் ஓர் ஆபத்துக் கெழுவாலும் (ஓர் அலகு கதிர்வீச்சுக்கு இவ்வளவு ஆபத்து என்று வைத்திருக்கும் எண்) பெருக்கிய கணக்கு மட்டுமே என்று தெரிந்தது. எங்கள் மண்ணைவிடக் கதிர்வீச்சு மிகுந்த கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் புற்றுநோய் தென்படவில்லை என்றும் சொன்னார். இந்த இரண்டு வரியை அறிக்கையிலேயே எழுதியிருக்கலாமே!

வீடு கட்டுகிறோம். பூச்சுக்கும் அடித்தளம் நிரப்பவும் விளை மண்ணைத் தொடுவதில்லை. சன்னல்களைப் பெரிதாக வைக்கச் சொல்லியிருக்கிறேன், ரேடான் உள்ளே தேங்கக் கூடாது. மழைநீர் ஓடும் வடிகாலில் கருமணல் கோடாகப் படிகிற இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து எடுத்த மண் தனி டப்பாவில், தேதி எழுதி, இப்போது ஆய்வகத்தில் மூடியிருக்கிறது. அதன் அளவு அடுத்த மாதம் தெரியும்.