கடைசிக் குப்பி

சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதி நான். மயக்க மருந்து கலங்கியிருந்தது, கொட்டச் சொன்னேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. மனதை அரிப்பது அதற்கடுத்து நான் சொன்ன பதில்.

2022, இலங்கை. மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மயக்க மருந்துகளில் புரொபோஃபோல் முடிந்திருந்தது. தயோபென்டோன் இரண்டு குப்பி, கொஞ்சம் கெற்றமின், அவ்வளவுதான். மேசையில் கிடந்த தாய்க்குப் பிள்ளைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கியிருந்தது, உடனே வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு மரக்கச்செய்ய நேரமில்லை, முழு மயக்கம்தான்.

தயோபென்டோன் 500 மில்லிகிராமை ஊசிக்கான நீரிலோ நோர்மல் சேலைன் என்ற உப்பு நீரிலோ 20 மில்லிலீற்றராகக் கரைப்போம். புதிதாக வந்த தாதித் தங்கச்சி அவசரத்தில், பக்கத்தில் தொங்கிய, நாளத்தில் ஏற்றும் ஹார்ட்மன் திரவப் போத்தலிலிருந்து இழுத்துக் கரைத்துவிட்டாள். அவளில் குறை சொல்ல மனம் வரவில்லை. பார்வைக்கு எல்லாம் தண்ணீர்தானே.

ஆனால் அந்த மஞ்சள் தூள் காரத்தில்தான் கரைந்து நிற்கும். கரைசலின் பிஎச் 10க்கு மேல், அதாவது கடும் காரம். அதற்காகவே சோடியம் காபனேற்றையும் சேர்த்துக் குப்பியில் அடைக்கிறார்கள். ஹார்ட்மன்னில் கல்சியம் இருக்கிறது. காபனேற்றும் கல்சியமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அறிய, எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்த கேத்தலின் அடியைப் பார்த்தால் போதும். காரம் குறைந்தால் மருந்தே பிரிந்து படியும். பின்னால் போடும், தசைகளைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியம் அமிலத்தன்மையுள்ளது. இடையில் சேலைனை ஓடவிடாவிட்டால் நாளத்தில் செருகிய கனுலாக் குழாய்க்குள்ளேயே வெள்ளையாய்த் திரண்டுவிடும்.

சிரிஞ்சை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். தெளிந்த வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியதில் மெல்லிய வெண்மை. சாய்த்தபோது அதுவும் மெதுவாகச் சரிந்தது.

"குலுக்கினா கரையும் அக்கா."

"வேண்டாம், கொட்டு."

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர், தாயின் முகத்தில் முகமூடியைப் பிடித்தபடியே கேட்டார்: "வேற இருக்கா மிஸ்?"

"இருக்கு டொக்டர்."

கடைசி என்று சொல்லவில்லை. சேலைனில் கரைத்தோம், தெளிவாக வந்தது. பிள்ளையும் அழுதது.

அன்றிரவு இன்னொரு தாய் வந்தார். பிரஷர் ஏறி, வலிப்பு வரப்போகும் நிலை. இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுக்கள் குறைவு என்பதால் முதுகில் ஊசி போட முடியாது. கெற்றமின் பிரஷரை இன்னும் ஏற்றும். அவருக்குப் பொருந்தியிருக்கக்கூடிய மருந்தைப் பகலில் முடித்துவிட்டோம். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் ஏற்றிக்கொண்டே அம்புலன்ஸில் ஏ9 வீதி வழியாக யாழ்ப்பாணம் அனுப்பினோம். தாயும் பிள்ளையும் சுகமாக வந்து சேர்ந்தார்கள். வராமல் போயிருக்கவும் கூடும்.

பகல் வந்த தாய்க்குப் பிரஷர் சரியாக இருந்தது. அவருக்குக் கெற்றமின் போட்டிருக்கலாம். "இதுதான் கடைசி" என்று நான் சொல்லியிருந்தால் டொக்டர் அந்தப் பக்கம் யோசித்திருப்பாரோ?

கொடி நசுங்கிக் கிடக்கும்போது ஒவ்வொரு நொடியும் பிள்ளையுடையது. அந்த நேரத்தில் இருப்புக் கணக்குச் சொல்லி மயக்க மருந்து கொடுப்பவரைத் தடுமாற வைப்பதா? இன்னும் வாசலுக்கே வராத ஒருத்திக்காக, மேசையில் இருப்பவளுக்கான மருந்தை மாற்றுவதா? இப்படித்தான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் "கடைசி" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? இருப்பைத் தெரிந்து வைத்திருப்பது அவருடைய வேலையும் இல்லை, என்னுடையது. முடிவெடுக்க வேண்டியவர் அவர். பாதிக் கணக்கோடுதான் எடுத்தார்.

பிறகொரு நாள் அவரிடமே கேட்டேன். "நீங்கள் சொல்லியிருந்தாலும் நான் அதைத்தான் போட்டிருப்பேன் மிஸ்" என்றார். என் மனம் ஆறட்டும் என்று சொன்னாரோ தெரியாது. அதன் பிறகு அவர் "இருக்கா" என்று கேட்பதில்லை, "எத்தனை இருக்கு" என்றுதான் கேட்கிறார். நானும் கேட்காமலே எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். சில அவசரங்களில் அதைக் கேட்டு அவர் கை ஒரு கணம் தயங்குவதையும் பார்க்கிறேன். அது நல்லதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.