கறுப்பு ஓக் பட்டையில் ஒரு மஞ்சள் சாயம்

ஏப்ரல் 12, பென்சில்வேனியா
போன வாரக் காற்றில் பக்கத்து நிலத்துக் கறுப்பு ஓக்கின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்துவிட்டது. எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நிற்கிற மரத்தைச் சுற்றிப் பட்டை உரித்தால் மரமே பட்டுப்போகும். அதனால்தான் இத்தனை நாள் கை வைக்கவில்லை. மேல்பட்டை கன்னங்கரேலென்று கரடுமுரடாக இருக்கிறது. கத்தியால் கீறினால் உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சள். சிவப்பு ஓக்காக இருந்தால் இளஞ்சிவப்பு தெரியும்.

ஏப்ரல் 13
சுரண்டல் வேலை மட்டும். கருந்தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், ஒட்டிக்கொண்டு வந்தால் மஞ்சள் மங்கிப் பழுப்பாகிவிடும். உள்பட்டையை மட்டும் நறுக்கிக் காயப் போட்டேன். நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

ஏப்ரல் 16
இந்தச் சாயத்துக்குக் குவெர்சிட்ரான் என்று பெயர். மாசசூசெட்ஸில் பிறந்த எட்வர்ட் பேன்கிராஃப்ட் இதை இங்கிலாந்துத் துணி ஆலைகளுக்குக் கொண்டுபோனார். 1785-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டே அவருக்குத் தனியுரிமை கொடுத்தது. ஐரோப்பாவில் மஞ்சளுக்காகப் பயிரிட்ட வெல்ட் செடி எட்டுப் பத்துப் பங்கு கொடுக்கும் நிறத்தை இந்தப் பட்டை ஒரே பங்கில் கொடுக்கும் என்பது அவர் கணக்கு. பாரிஸில் அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்கிளின் பக்கத்திலேயே இருந்து பிரிட்டனுக்கு ஒற்று வேலை பார்த்தவரும் இவர்தான். அது 1889-ல்தான் வெளியே வந்தது. எல்லோரும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், காட்டுப் பட்டையில் இந்த நிறத்தைக் கண்டுகொண்டதுதான் பெரிய காரியம்.

ஏப்ரல் 19
100 கிராம் கம்பளி நூலுக்கு சாயம் பிடிப்பதற்காக 12 கிராம் படிகாரம் போட்டு முந்தின நாளே பதப்படுத்தி வைத்திருந்தேன். பட்டையை ஊறவைத்து இளஞ்சூட்டில் வைத்தேன். கொதிக்கவே விடக்கூடாது, கொதித்தால் டானினும் சேர்ந்து இறங்கிவிடும். வடிகட்டிய நீரைப் பார்த்தால் வெறும் தேநீர் நிறம், நம்பிக்கையே வராது. நூலைப் போட்டதும் முதலில் வெளிறிய மஞ்சள். அப்புறம் மெல்ல மெல்ல ஏறி, சாமந்திப்பூ மஞ்சளில் வந்து நின்றது. வெள்ளீய உப்பு சேர்த்தால் இன்னும் பளிச்சென்று வருமாம். அது நஞ்சு, நூலையும் முரடாக்கும். எனக்கு இதுவே போதும்.

ஏப்ரல் 20
மிச்சச் சாயத்தில் ஒரு சிட்டிகை அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு. இரும்பு பட்டதும் மஞ்சள் ஆலிவ் பச்சையாக மாறிவிட்டது. அக்காவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. சால்வைக் கரைக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாள்.